‘பென்சிலின் ஆகாது’ என்றால் அம்மாவுக்கு வேறு எதைக் கொடுப்பது?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தவர். சின்ன வயதில் ஏதோ காய்ச்சலுக்குப் பென்சிலின் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றிலிருந்து எந்த கிளினிக்குக்குப் போனாலும் “பென்சிலின் ஆகாது” என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். மூன்று மாதத்துக்கு முன் பல் வீங்கியபோது கிளின்டாமைசின் கொடுத்தார்கள். ஐந்து நாள் வயிற்றுப்போக்கில் அம்மா துவண்டுவிட்டார். அடுத்து முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வருகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிபிசைடு, ரத்த அழுத்தத்துக்கு லோசார்டன், அம்லோடிபின், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின் சாப்பிடுகிறார். அவருக்குப் பாதுகாப்பான ஆன்டிபயாட்டிக் எவை என்று ஒரு பட்டியல் கொடுத்தால் பத்திரமாக வைத்துக்கொள்வேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளும் வீட்டில் நிறைய இருக்கின்றன. அவற்றில் எது ஆகும்?
– உட்லண்ட்ஸ் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியலுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அம்மாவுக்கு உண்மையிலேயே பென்சிலின் ஆகாதா என்பதை இத்தனை வருடத்தில் யாரும் சோதித்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. நான் இருபது வருடத்துக்கு மேலாக மருத்துவமனை மருந்தாளராக இருக்கிறேன். வார்டில் ஒரு நோயாளியின் பதிவைத் திறந்தால் ‘ஒவ்வாமை: பென்சிலின்’ என்று இருக்கும். பக்கத்தில் ‘என்ன ஆனது’ என்ற கட்டத்தில் ‘விவரம் தெரியவில்லை’ என்று இருக்கும். அந்த வரி ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. ஒரு கிளினிக்கில் சொன்னது அடுத்த கிளினிக்குக்குப் போகிறது, மணிக்கட்டுப் பட்டையில் ஏறுகிறது, அறுவை அறை வரைக்கும் கூடவே வருகிறது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் பத்துப் பேரில் ஒருவர் தனக்குப் பென்சிலின் ஆகாது என்கிறார். முறையாகச் சோதித்துப் பார்த்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பென்சிலினைத் தாங்கிக்கொள்கிறார்கள். இன்னொன்று: உண்மையான ஒவ்வாமை இருந்தவர்களிலும் சுமார் 80 விழுக்காட்டினருக்குப் பத்து வருடத்தில் அது தானாகவே போய்விடுகிறது. உங்கள் அம்மாவுக்கு ஆகிவிட்டது ஐம்பது வருடத்துக்கு மேல்.

அதனால் முதலில் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். பாட்டி இல்லாவிட்டால் பெரியம்மாவோ மாமாவோ, அன்று வீட்டில் இருந்த யாராவது. ‘அலர்ஜி வந்ததா’ என்று கேட்காதீர்கள், ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் தடித்தது, அரை மணி நேரத்திலா மூன்றாம் நாளா? மூச்சு வாங்கியதா, உதடு, நாக்கு, தொண்டை வீங்கியதா, மயங்கி விழுந்தாரா? தோல் கொப்புளித்து உரிந்ததா, வாயும் கண்ணும் புண்ணானதா? ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்களா, தானாக அடங்கியதா?

இந்தப் பதில்களில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் தடிப்போடு மூச்சுத்திணறலும் வந்திருந்தால் அது ஒரு வகை. சில நாள் கழித்து வெறும் செம்புள்ளிகள் வந்து போயிருந்தால் அது வேறு வகை. அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது, பல நேரம் மருந்தால் வந்ததே கிடையாது. பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சலிலேயே உடம்பெல்லாம் தடிப்பு வரும். அந்த நேரத்தில் மருந்தும் உள்ளே போயிருந்தால் பழி மருந்தின் மேல் விழுந்துவிடும். ஊரில் பென்சிலினுக்கு முன் முன்கையில் ‘டெஸ்ட் டோஸ்’ போடும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குத்திய இடம் கொஞ்சம் சிவந்ததற்காகவே ‘ஆகாது’ என்று எழுதப்பட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஊசிக்குப் பயந்து மயங்கியவர்களும் உண்டு. வயிற்றுப்போக்கு, குமட்டல் என்பதெல்லாம் பக்க விளைவு, ஒவ்வாமை அல்ல.

கொப்புளித்துத் தோல் உரிந்தது, வாய் வெந்தது, அல்லது தடிப்போடு கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டது என்று தெரிந்தால் மட்டும் கதை வேறு. அப்போது சோதனைக்காகக்கூடப் பென்சிலின் வகையை வாயில் வைக்கக் கூடாது. எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி.

அடுத்து அந்த மாத்திரைகள். அவற்றைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் ஒரு மகன் தன் தாயாரின் மருந்துகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். தாயாரின் பதிவில் ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று பல வருடமாக இருந்தது. டின்னுக்குள் கால் வலித் தைலம், சூடு ஆற்றும் பவுடர், ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். ‘மாக்ஸ் 500’ என்று ஓர் அட்டை. பத்தில் ஆறு குழி காலி. “அம்மா, இது யார் சாப்பிட்டது?” என்று கேட்டேன். “நான்தான்பா. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப தொண்டை கட்டிக்கிச்சு. நல்லா கேட்டுச்சு” என்றார். மாக்ஸ் என்பது அமாக்சிசிலின். அமாக்சிசிலின் என்பது பென்சிலின் குடும்பம். அத்தனை வருடமும் எல்லோரும் ஒளித்து வைத்த மருந்தை அவர் தன் கையாலேயே ஆறு முறை சாப்பிட்டு, ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறார். அதை எழுதி மருத்துவரிடம் கொடுத்தோம். அவர் முறைப்படி ஒரு சோதனை வேளை கொடுத்துப் பார்த்துவிட்டு, பதிவிலிருந்து அந்த வரியை எடுத்தார்.

உங்கள் வீட்டு அட்டைகளிலும் அதைத் தேடுங்கள். ஆக்மென்டின், கிளாவம், மாக்ஸ், நோவாமாக்ஸ், ஆம்பிக்ளாக்ஸ் எல்லாமே பென்சிலின் குடும்பம்தான், பெயரில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும். பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ‘சிலின்’ என்று முடிந்தால் அந்தக் குடும்பம்: அமாக்சிசிலின், ஆம்பிசிலின், குளோக்சசிலின், பிப்பரசிலின். காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தாலும் டாக்சிசைக்ளினும் டெட்ராசைக்ளினும் வேறு குடும்பம். அசித்ரால் என்பது அசித்ரோமைசின், டாக்ஸிம்-ஓ என்பது செஃபிக்சிம், இரண்டும் பென்சிலின் அல்ல. அம்மா பென்சிலின் குடும்பத்து மருந்து எதையாவது பிற்காலத்தில் சாப்பிட்டிருக்கிறாரா என்று கேட்டுக் குறித்து வையுங்கள். அது எந்தப் பரிசோதனைக்கும் குறைவில்லாத தகவல்.

ஆனால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். “அப்படியானால் ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போமே” என்று வீட்டில் முயலாதீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகாது என்பது, அந்தப் பத்தாவது ஆள் நம் அம்மாவாக இருந்தால் உதவாது. குறிப்பு எடுத்த பிறகு அந்த ஆன்டிபயாட்டிக்குகளை வீட்டில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அரைகுறையாக மிஞ்சிய அட்டையால் யாருக்கும் நன்மை கிடையாது.

சோதனை எப்படி நடக்கும்? பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டால் மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார். அந்த வழியாகப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். சிங்கப்பூர் பொது மருத்துவமனையிலும் டான் டோக் செங் மருத்துவமனையிலும் பெரியவர்களுக்கு இந்தச் சேவை உண்டு, பிள்ளைகளுக்குக் கேகே மருத்துவமனை. வழக்கமான முறையில் முன்கைத் தோலில் மருந்துத் துளியை வைத்து லேசாகக் குத்துவார்கள், பிறகு தோலுக்குள்ளேயே ஒரு சொட்டு செலுத்துவார்கள். கொசு கடித்த மாதிரி தடிக்கிறதா என்று பதினைந்து இருபது நிமிடம் பார்ப்பார்கள். தடிக்காவிட்டால் அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்து, உட்கார வைத்துக் கவனிப்பார்கள். கடும் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசி கையெட்டும் தூரத்தில் தயாராக இருக்கும். அரை நாள் வேலை. சளி, அரிப்பு மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் தோல் பொய் சொல்லும்.

ஆபத்துக் குறைவானவர்களுக்குத் தோல் சோதனைகூட வேண்டாம், நேராக ஒரு வேளை மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று இப்போது வந்திருக்கிறது. 2023இல் வெளிவந்த ‘பேலஸ்’ என்ற ஆய்வில் 382 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தோல் சோதனைக்குப் பிறகு மருந்து, இன்னொரு குழுவுக்கு நேரடியாக மருந்து. இரண்டு குழுவிலும் ஒவ்வாமை காட்டியது ஒவ்வொருவர்தான். உங்கள் அம்மா அந்தக் குறைந்த ஆபத்து வரிசையில் வருவாரா என்பதை அந்தப் பழைய சம்பவத்தின் விவரம்தான் முடிவு செய்யும். போன் போடச் சொன்னது அதற்காகத்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முழங்கால் அறுவை சிகிச்சை இருக்கிறது. மூட்டு மாற்றும்போது தோலை வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ரத்தக் குழாயில் ஓர் ஆன்டிபயாட்டிக் போடுவார்கள். உள்ளே வைக்கும் உலோக மூட்டில் கிருமி ஏறினால் அதை மருந்தால் மட்டும் விரட்டுவது கஷ்டம். பல நேரம் மூட்டையே திரும்பத் திறக்க வேண்டிவரும். அந்த வேலைக்கு முதல் தேர்வு செஃபசோலின். பதிவில் ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று இருந்தால் அதை விட்டுவிட்டு வேன்கோமைசின் அல்லது கிளின்டாமைசினுக்குப் போய்விடுகிறார்கள். பென்சிலின் ஒவ்வாமை என்று குறிக்கப்பட்டவர்களுக்கு அறுவைக் காயத்தில் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 50 விழுக்காடு கூடுதல் என்று 2018இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. காரணம், அவர்களுக்கு செஃபசோலின் கிடைக்காமல் போனதுதான்.

இதில் எனக்கு மனசு ஆறாத ஒரு விஷயம் உண்டு. செஃபசோலின் பென்சிலினே அல்ல. அது செஃபலோஸ்போரின் குடும்பம். பென்சிலின் ஆகாதவர்களில் 10 விழுக்காட்டினருக்குச் செஃபலோஸ்போரினும் ஆகாது என்று நாங்களெல்லாம் படித்தோம். அந்தக் கணக்கு பல பத்தாண்டுகள் பழையது. ஆரம்பக் காலத்துச் செஃபலோஸ்போரின் மருந்துகளில் பென்சிலின் துளியளவு கலந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். இன்றைய கணக்கு சுமார் 2 விழுக்காடு, அதுவும் எல்லாச் செஃபலோஸ்போரினுக்கும் ஒன்றல்ல.

ஒரு பூட்டுக்கடையில் தொங்கும் சாவிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், பல் வெட்டுதான் வேறு. பென்சிலினுக்கும் செஃபலோஸ்போரினுக்கும் பிடி ஒரே ஜாடை. நம் உடம்பு பெரும்பாலும் பார்ப்பது அந்தப் பல் வெட்டை, மருந்தின் பக்கச் சங்கிலியை. அமாக்சிசிலினின் வெட்டும் செஃபலெக்சின், செஃபாக்ளோர், செஃபட்ராக்சில் ஆகியவற்றின் வெட்டும் ஒன்றாகவோ மிக நெருக்கமாகவோ இருக்கும். அதனால் அமாக்சிசிலினில் நிஜமாக ஒவ்வாமை வந்தவர் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. செஃபசோலினின் வெட்டு தனி. வேறு எதனோடும் ஒட்டாது. செஃப்ட்ரியாக்சோன், செஃபுராக்சிம் இரண்டுக்கும் பென்சிலினோடு ஒற்றுமை இல்லை. முன்பு நான் சொன்ன தோல் உரியும் வகைக் கடும் எதிர்வினை இல்லாதவரை, பென்சிலின் ஆகாதவருக்கும் செஃபசோலின் கொடுக்கலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல்களின் போக்கு.

ஆகவே அறுவை சிகிச்சைக்கு முந்தைய சந்திப்பில் மயக்க மருந்து நிபுணரிடம் நீங்களே கேளுங்கள்: “அம்மாவுக்கு ஐம்பது வருடத்துக்கு முன் இப்படி ஆனது. செஃபசோலின் கொடுக்க முடியுமா?” இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. கேட்டால்தான் அந்த வரியை யாராவது நின்று படிப்பார்கள். அறுவை சிகிச்சை தேதியை ஒவ்வாமைப் பிரிவுக்கும் சொல்லுங்கள், முன்னதாகச் சந்திப்பு கிடைக்கப் பார்க்கலாம்.

சரி, பட்டியல். பொதுவாக ‘பாதுகாப்பான ஆன்டிபயாட்டிக்’ என்று ஒன்று கிடையாது. எந்த நோய்க்கு, யாருக்கு, கூட என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் பாதுகாப்பு. அதனால் அம்மாவின் ஐந்து மாத்திரைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

பென்சிலின் ஆகாதவர்களுக்குத் தொண்டை, மார்புச் சளித் தொற்றுக்கு அடிக்கடி எழுதப்படுவது கிளாரித்ரோமைசின். உங்கள் அம்மாவுக்கு இதுதான் எனக்கு அதிகக் கவலை. சிம்வாஸ்டாடினோடு சேர்ந்தால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கப்படலாம். அம்லோடிபினோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதிகமாக இறங்கலாம். கிளிபிசைடோடு சேர்ந்தால் சர்க்கரை தாழலாம். எரித்ரோமைசினும் சிம்வாஸ்டாடினுக்கு ஆகாது. அசித்ரோமைசின் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், இதயத் துடிப்பில் கோளாறு இல்லாதவரை.

சிறுநீர்த் தொற்றுக்கும் தோல் தொற்றுக்கும் கோ-டிரைமாக்சசோல் நல்ல மருந்துதான். ஆனால் லோசார்டனோடு சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், கிளிபிசைடோடு சேர்ந்து சர்க்கரையை இறக்கும். இதற்கும் சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரான்டாயினுக்கும் முன் ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதியின் குறைவு, இருக்கிறதா என்று தெரிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பார்த்துவிடுகிறார்கள், உங்களுக்குப் பார்த்திருப்பார்கள். அம்மா தஞ்சாவூரில் பிறந்தவர், அவருக்குப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஒருமுறை கேட்டு வையுங்கள்.

லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் இரண்டும் பென்சிலினோடு சம்பந்தமே இல்லாதவை. அதனாலேயே சட்டென்று எழுதப்பட்டுவிடும். அறுபது வயதுக்கு மேல் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் வீங்கவும் அறுந்துபோகவும் வாய்ப்புக் கூடுதல். மூட்டு மாற்றிவிட்டு நடைப் பயிற்சி செய்யப்போகிறவருக்கு அது வேண்டாத வம்பு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று தாழ்வதும் உண்டு. காசநோய் இருந்தால் அதை மறைத்துவிடும், நீண்ட நாள் இருமலுக்கு இதைக் கொடுத்தால் நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். வேறு வழி இல்லாதபோது எடுக்கவேண்டிய மருந்து இது.

டாக்சிசைக்ளின் அம்மாவின் மருந்துகளோடு பெரிய சண்டை போடாதது. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் வெந்துவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. நம் ஊர் வெயிலில் தோல் கருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளின்டாமைசினைப் பற்றி உங்களுக்கே தெரியும். அது குடலின் நல்ல கிருமிகளைத் துடைத்துவிட்டு, சி டிஃபிசில் என்ற கெட்ட கிருமிக்கு இடம் கொடுக்கக்கூடியது. அதனால்தான் இதய நோயாளிகளுக்குப் பல் சிகிச்சைக்கு முன் தரும் தடுப்பு மருந்துகளில் கிளின்டாமைசின் வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் சொன்னது. அம்மாவுக்கு நடந்ததை அறுவை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ‘ஒவ்வாமை’ என்று சொல்லாமல், ‘இந்த மருந்தில் ஐந்து நாள் வயிற்றுப்போக்கு’ என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். இனி எப்போதாவது ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போதோ எடுத்த சில வாரங்களிலோ நிறையத் தடவை நீராகப் போனால், காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்தால், கடையில் நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுக்காமல் மருத்துவரிடம் போங்கள். பல் வீக்கத்துக்கும் ஒரு வார்த்தை: சீழை வடித்து வேரைச் சரிசெய்வதுதான் சிகிச்சை, மாத்திரை துணைக்குத்தான்.

சாதாரண ஜலதோஷத்துக்கும் பெரும்பாலான தொண்டை வலிக்கும் எந்த ஆன்டிபயாட்டிக்கும் தேவையில்லை. ‘பென்சிலின் ஆகாது, வேறு ஏதாவது கொடுங்கள்’ என்று நாமாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

சோதனையில் உண்மையிலேயே ஒவ்வாமை என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். அப்போதும் செஃபசோலின் பெரும்பாலும் கைவசம் இருக்கிறது. கடும் தொற்றுக்கு மெரோபெனெம் போன்றவை இருக்கின்றன. பென்சிலின் ஒவ்வாமைக்காரர்களில் நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் அதில் பிரச்சினை வருகிறது. எந்த மருந்தானாலும் சாப்பிட்ட பிறகு உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ தலை சுற்றிச் சரிந்தாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். அரிப்பு மாத்திரை கொடுத்துக் காத்திருக்கும் நேரம் அல்ல அது.

ஒவ்வாமை இல்லை என்று தெரிந்தாலோ, அந்தக் கடிதத்தைக் கையோடு வாங்கி வாருங்கள். பலதுறை மருந்தகம், மருத்துவமனை, பல் மருத்துவர், பக்கத்து அடுக்குமாடி பிளாக் கிளினிக் என்று அம்மாவின் பெயர் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் காட்டி, பழைய குறிப்பை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் விட்டுவிட்டால் அங்கிருந்து மறுபடி எல்லா இடத்துக்கும் பரவிவிடும். அம்மாவிடமும் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஐம்பது வருடம் சொல்லிப் பழகிய வாய் அடுத்த முறை தாதி கேட்டதும் “பென்சிலின் ஆகாது” என்றுதான் ஆரம்பிக்கும். அதனால் அவர் கைப்பையில் ஒரு சீட்டு வையுங்கள். சோதித்த தேதி, மருத்துவமனையின் பெயர், “அமாக்சிசிலின் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை.”